நிபா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படித் தொற்றுகிறது? நோயாளிக்குத் துணை இருப்பவர்களுக்கான முழு வழிகாட்டி

நிபா என்று செய்தி வந்ததும் எல்லாரும் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறோம். வௌவால் தொங்குகிறதா, கொய்யாவைக் கடித்துப் போட்டிருக்கிறதா, மாம்பழம் வாங்கலாமா என்றுதான் பேச்சு ஓடுகிறது. அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நடந்ததை எடுத்துப் பாருங்கள். அந்த முறை நோய் கண்டவர்கள் 23 பேர். அவர்களில் ஒரே ஒருவர்தான் மனிதரிடமிருந்து அல்லாமல் வெளியிலிருந்து நோயை வாங்கியவர். மீதி 22 பேருக்கும் அது இன்னொரு மனிதரிடமிருந்து வந்தது. வீட்டில் பக்கத்தில் இருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்கள், வேறு யாருக்கோ துணையாக வந்து நடைபாதையில் நின்றவர்கள், மருந்து கொடுத்த நர்ஸ். 23 பேரில் பிழைத்தவர்கள் இருவர் மட்டுமே.

அதனால் இந்தக் கட்டுரை மரத்தடியில் அதிக நேரம் நிற்காது. நோயாளியின் கட்டில் பக்கத்தில்தான் நிற்கும். ஒரு நோயாளியின் நாட்களை முதலிலிருந்து வரிசையாகப் பின்தொடர்ந்து, எந்தக் கட்டத்தில் வைரஸ் அடுத்தவரிடம் தாவுகிறது, அந்த இடத்தில் நாம் என்ன செய்யலாம் என்று பார்ப்போம். கோயம்புத்தூர், நீலகிரி, தென்காசி, கன்னியாகுமரிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கேரளம் பக்கத்து வீடு மாதிரி. வேலைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் தினமும் போய் வருகிறோம். இதை அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

படி 1: முதல் நோயாளி

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிபா வைரஸ் பெரிய பழந்தின்னி வௌவால்களின் உடம்பில் அவற்றுக்கு எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துகொண்டிருக்கிறது. எச்சில், சிறுநீர் வழியாக அவ்வப்போது வெளியே வருகிறது. 1998, 1999ஆம் ஆண்டுகளில் மலேசியாவில் அது முதலில் பன்றிகளுக்குப் போய், பன்றிகளிடமிருந்து பண்ணையில் வேலை செய்தவர்களுக்குப் போனது. 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் இறந்தார்கள். ஆரம்பத்தில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சுங்கை நிபா என்ற ஊர்ப் பெயர்தான் பிறகு வைரஸுக்கும் நின்றது.

வங்கதேசத்தில் வழி வேறு. அங்கே குளிர்காலத்தில் ஈச்ச மரத்தைச் சீவிப் பானை கட்டிச் சாறு இறக்குகிறார்கள், நம் ஊரில் பனையில் கட்டுவது போலவே. இரவில் வௌவால் வந்து சீவிய இடத்தை நக்குகிறது, பானைக்குள் எச்சமும் சிறுநீரும் விழுகின்றன. விடிந்ததும் அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் பச்சையாகக் குடிக்கிறார்கள். கேரளத்து முதல் நோயாளிகளுக்கு எந்த வழியாக வந்தது என்பது இன்னும் உறுதியாகவில்லை.

இந்தப் படியில் செய்ய வேண்டியது எளிது. கடிபட்ட, கீறல் விழுந்த பழத்தை எடுக்காதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோலுரித்துச் சாப்பிடுங்கள். திறந்த பானையில் இறக்கிய எந்த மரச்சாற்றையும் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். வௌவால் இருக்கும் மரத்தை வெட்டுவதோ, பட்டாசு வைத்து விரட்டுவதோ வேண்டாம். கலைந்து திரியும் கூட்டம் இன்னும் பல ஊர்களுக்குப் பரவும். வௌவால்களுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்கள் நம் மாநிலத்தில் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள்.

படி 2: சத்தமில்லாத நாட்கள்

வைரஸ் உடம்புக்குள் போனதிலிருந்து காய்ச்சல் வரும் வரை பொதுவாக 4 முதல் 14 நாட்கள் ஆகும். கோழிக்கோட்டில் 2018இல் பெரும்பாலும் 9, 10 நாட்களில் காய்ச்சல் தொடங்கியது. இந்த இடைப்பட்ட நாட்களில் அந்த மனிதர் நன்றாகத்தான் இருப்பார். வேலைக்குப் போவார், கல்யாணத்துக்குப் போவார், பேருந்தில் உட்காருவார்.

"அவர் எங்கள் கடைக்குக்கூட வந்தாரே!" என்று பதறுபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அறிகுறி தொடங்குவதற்கு முன் ஒருவர் மற்றவருக்கு நிபாவைக் கொடுத்ததாகப் பதிவு இல்லை. கொரோனாவிலிருந்து இது முக்கியமாக வேறுபடுவது இங்கேதான். கொரோனா அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் பரவியது, அதனால்தான் உலகம் முழுக்க ஓடியது. நிபா அப்படி ஓடுவதில்லை. சுகாதாரத் துறையினர் விசாரிக்கும்போது "காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது?" என்று திரும்பத் திரும்பக் கேட்பது இதற்காகத்தான். அந்தத் தேதிக்குப் பிறகு யார் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் அவர்களுக்குத் தேவை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தொடங்கிய நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

படி 3: காய்ச்சலின் முதல் நாட்கள், வீட்டில்

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, வாந்தி. பார்த்தால் எல்லாக் காய்ச்சலும் போலத்தான் இருக்கும். டெங்குவா, டைபாய்டா என்றுதான் முதலில் தோன்றும். நோய் பரவும் காலத்தில் நோயாளியை விட்டு எல்லாரும் ஓடிவிடுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் நாம் இன்னும் நெருங்கிப் போகிறோம்.

வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை நோய் கண்ட 248 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களில் 82 பேருக்கு நோய் இன்னொரு மனிதரிடமிருந்து வந்தது. அந்த 82 பேருக்கும் கொடுத்தவர்கள் மொத்தமே 22 நோயாளிகள். பத்தில் ஒன்பது நோயாளிகள் யாருக்குமே கொடுக்கவில்லை. சராசரியாக மூன்று நோயாளிகள் சேர்ந்து ஒருவருக்குக் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப்படி இது தானாகவே அணைந்துபோக வேண்டிய தீ.

சரி, யாருக்குக் கொடுத்தார்கள்? அங்கேதான் மனம் கனக்கிறது. நோயாளியின் கணவன் அல்லது மனைவியாக இருந்தவர்கள் 56 பேரில் 8 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 14 பேருக்கு, நோய் வந்தது. வீட்டில் இருந்த மற்ற நெருங்கிய உறவினர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஒரே வீடு, ஒரே காற்று, ஒரே சமையல். ஆனாலும் இவ்வளவு வித்தியாசம். ராத்திரி முழுக்க விழித்து, வாந்தியைப் பிடித்து, வாயைத் துடைத்து, மடியில் சாய்த்துக்கொண்டவர் யாரோ அவருக்கே ஆபத்து. 48 மணி நேரத்துக்கு மேல் கூடவே இருந்தவர்களுக்கும் எச்சில், சளி, சிறுநீர் கையில் பட்டவர்களுக்கும் பல மடங்கு கூடுதல்.

ஆகவே வீட்டில் வைரஸ் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டால், நாம் அன்பாகச் செய்யும் சின்னச் சின்னக் காரியங்கள் வழியாக என்றுதான் சொல்ல வேண்டும். கஞ்சி சூடாக இருக்கிறதா என்று ஒரு வாய் பார்த்துவிட்டு அதே கரண்டியில் ஊட்டுவது. நோயாளி மீதி வைத்ததை வீணாக்க மனமில்லாமல் நாம் சாப்பிடுவது. முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் அதே முந்தானையால் நம் முகத்தைத் துடைத்துக்கொள்வது. இருமலுக்கு நடுவே அவர் சொல்வது காதில் விழட்டும் என்று முகத்துக்கு அருகே குனிவது. ஒரே பாயில் படுப்பது. இதில் எதையும் குற்றமாகச் சொல்லவில்லை. என் அம்மாவுக்கு நானும் இப்படித்தான் எல்லாம் செய்தேன். ஆனால் நிபா பரவும் காலத்தில், பரவும் பகுதியில், காய்ச்சல் என்றால் இவற்றை மட்டும் மாற்ற வேண்டும்.

எப்படி மாற்றுவது? பார்த்துக்கொள்ள ஒரே ஒருவர் போதும். வீட்டில் வயதானவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் அந்த அறைக்கு வர வேண்டாம். நோயாளிக்கும் மாஸ்க், உங்களுக்கும் மாஸ்க். கிடைத்தால் என்95 போடுங்கள். தட்டு, டம்ளர், கரண்டி, துண்டு, போர்வை தனி. ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஊட்டும்போது எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்காருங்கள், இருமல் உங்கள் முகத்தில் நேராக அடிக்காது. வாந்தி, சிறுநீர், சளியைக் கையுறை போட்டே தொடுங்கள். கழற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நிபா வைரஸின் வெளி உறை கொழுப்பால் ஆனது, சாதாரண சோப்பே அதை உடைத்துவிடும். அரை நிமிடமாவது நுரை வரத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தரையில் வாந்தியோ சிறுநீரோ சிந்தினால் உடனே துடைப்பத்தை எடுக்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் பிளீச்சிங் பவுடர் கரைத்து, சிந்திய இடத்தில் பழைய துணியைப் போட்டு மூடி, அதன் மேல் ஊற்றி, கால் மணி நேரம் விட்டுப் பிறகு துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வேறு கிளீனரையோ கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். துணிகளை உதறாமல் எடுத்துச் சோப்புத் தண்ணீரில் ஊற வையுங்கள்.

படி 4: இருமல் தொடங்கும் நாள்

எல்லா நிபா நோயாளியும் ஒரே மாதிரி இல்லை. சிலருக்கு மூளைக்காய்ச்சல் மட்டும் வரும், நினைவு குழம்பும், வலிப்பு வரும், ஓரிரு நாளில் மயக்கத்துக்குப் போவார்கள். சிலருக்கு அதோடு நுரையீரலும் பாதிக்கப்படும், இருமலும் மூச்சுத்திணறலும் சேரும். அடுத்தவருக்குக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினர். வங்கதேச ஆய்வில் மூச்சுத்திணறல் இருந்த, 45 வயதைத் தாண்டிய நோயாளிகளிடமிருந்துதான் அதிகம் பேருக்குப் போயிருக்கிறது. மலேசியாவில் அத்தனை பேருக்கு நோய் வந்தும் மனிதரிடமிருந்து மனிதருக்கு அநேகமாகப் பரவாமல் இருந்ததற்கும், கோழிக்கோட்டில் பரவியதற்கும் இதுவே பெரிய காரணம். கோழிக்கோட்டில் 23 பேரில் 20 பேருக்கு மூச்சு சம்பந்தமான தொந்தரவு இருந்தது.

இருமும்போது தெறிக்கும் நீர்த்திவலைகள் ஓரிரு மீட்டருக்குள் விழுந்துவிடும். மிக நெருக்கமான, காற்றோட்டம் இல்லாத இடத்தில் கூடுதல் ஆபத்து. ஆகவே வீட்டில் இருக்கும் நோயாளிக்கு இருமலோ மூச்சு வாங்கலோ தொடங்கினாலும், பேச்சு குழறினாலும், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தாலும், அதற்கு மேல் ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

படி 5: போகும் வழி

2004இல் வங்கதேசத்தின் ஃபரித்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த முறை 36 பேருக்கு நோய் வந்து 27 பேர் இறந்தார்கள். நோயுற்ற உறவினரைப் பார்க்கப் போன மதப் பெரியவர் ஒருவருக்குத் தொற்றியது. ஊர் மதிக்கும் மனிதர். அவருக்கு முடியவில்லை என்றதும் சீடர்களும் உறவினர்களும் பார்க்க வந்தபடியே இருந்தார்கள். அவர் ஒருவரிடமிருந்து 22 பேருக்குப் போனது. அந்தச் சீடர்களில் ஒருவர் உடம்பு மோசமானபோது அவரைத் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உதவிய ரிக்‌ஷாக்காரருக்கும் நோய் வந்தது.

அந்த ரிக்‌ஷாக்காரரை என்னால் மறக்க முடியவில்லை. உறவும் இல்லை, நட்பும் இல்லை. நம் ஊர் ஆட்டோக்காரர் செய்யும் உதவியைத்தான் அவரும் செய்தார்.

அதனால் நோயாளியை ஆட்டோவிலும் பேருந்திலும் ஏற்றாதீர்கள். தமிழ்நாட்டில் 104, கேரளத்தில் திஷா என்ற சுகாதார உதவி எண் 1056க்கு அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108. அழைக்கும்போதே "காய்ச்சல் இத்தனை நாளாக இருக்கிறது, இருமல் உண்டு, நிபா வந்த பகுதியிலிருந்து வருகிறோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வருபவர்கள் கவச உடையோடு வருவார்கள், ஆஸ்பத்திரியிலும் தனி வழி திறந்து வைப்பார்கள். நோயாளியைப் பார்க்க வருகிறோம் என்று கிளம்பும் சொந்தக்காரர்களுக்கு நீங்களே போன் செய்து தடுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

படி 6: ஆஸ்பத்திரி

இந்தியாவில் பெரிய பரவல்கள் நடந்தது இங்கேதான். 2001 தொடக்கத்தில் மேற்கு வங்கத்தின் சிலிகுரியில் 66 பேருக்கு விளங்காத காய்ச்சல் வந்து 45 பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள் அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். அது நிபா என்பதே சில வருடங்கள் கழித்து, சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது.

கோழிக்கோட்டில் 2018இல் முதல் நோயாளி பேராம்பிராப் பக்கத்தைச் சேர்ந்த இளைஞர். தாலுகா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஸ்கேன் எடுக்க வரிசையில் காத்திருக்க வேண்டியிருந்தது. கடுமையான இருமலோடு அவர் அந்த நடைபாதையில் இருந்தார். மே 5ஆம் தேதி இறந்துபோனார். எந்த நோய் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் ஓடியது. அதே குடும்பத்தில் அவருடைய அண்ணனும் அதே அறிகுறியோடு தனியார் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதுதான் அங்கிருந்த மருத்துவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரே வீட்டில் இருவருக்கு மூளைக்காய்ச்சல் என்பது சாதாரணம் இல்லையே. மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்குப் போயின, புனே தேசிய வைராலஜி நிறுவனம் உறுதிப்படுத்தியது. அதற்குள் தாலுகா ஆஸ்பத்திரியிலும் அந்த ஸ்கேன் நடைபாதையிலும் தொற்றியவர்களுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்த முதல் நோயாளி ஒருவரிடமிருந்தே வந்தது. அவரைத் தாலுகா ஆஸ்பத்திரியில் கவனித்த நர்ஸ் லினி மே 21 அன்று இறந்தார். இரண்டு சிறு பிள்ளைகளின் தாய்.

கோழிக்கோட்டில் 2023 செப்டம்பரிலும் அதே கதைதான். ஆகஸ்ட் 30 அன்று ஒருவர் இறந்தபோது நிபா என்று யாரும் நினைக்கவில்லை. அதே ஆஸ்பத்திரிக்கு அந்த நாட்களில் வந்துபோன இன்னொருவர் செப்டம்பர் 11 அன்று இறந்த பிறகே சோதனை நடந்தது. அந்த முறை மொத்தம் 6 பேர், இறப்பு 2. வென்டிலேட்டரில் இருந்த ஒன்பது வயதுச் சிறுவன் பிழைத்து வீடு திரும்பினான்.

ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு எளிதாகத் தாவுகிறது என்று யோசித்தால், அங்கே எல்லாமே ஒன்றுகூடிவிடுகிறது. நோயாளி மிக மோசமான நிலையில், உடம்பில் வைரஸ் உச்சத்தில் இருக்கும்போதுதான் அங்கே வருகிறார். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஸ்டூல் போடத்தான் இடம். நர்ஸுகள் போதாததால் துடைப்பது, திருப்பிப் படுக்கவைப்பது, சளியை எடுப்பது எல்லாம் துணைக்கு வந்தவர் வேலை. அவர் அதே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிறார், இரவில் கட்டிலடியில் துண்டை விரித்துப் படுக்கிறார். நானும் அப்படிப் படுத்தவள்தான், வேறு இடம் ஏது? வங்கதேச ஆஸ்பத்திரிகளில் நோயாளியைச் சுற்றியிருந்த பொருட்களைத் துடைத்துச் சோதித்தபோது துண்டிலும் படுக்கை விரிப்பிலும் கட்டிலின் கம்பியிலும் வைரஸின் தடயம் கிடைத்தது. நெபுலைசர் வைப்பது, சளியை உறிஞ்சி எடுப்பது, மூச்சுக்குழாயில் டியூப் போடுவது போன்ற வேலைகள் நுண்ணிய திவலைகளைக் காற்றில் கிளப்பிவிடும்.

துணைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவை. ஓ.பி. வரிசையில் நிற்பதற்கு முன்பே, வாசலில் இருப்பவரிடம் காய்ச்சலும் இருமலும் உண்டு என்று சொல்லித் தனி இடம் கேளுங்கள். நோயாளிக்கு மாஸ்க் போட்டே உள்ளே கூட்டிப் போங்கள். ஸ்கேனுக்கும் எக்ஸ்ரேக்கும் வரிசையில் கூட்டத்தோடு உட்கார வைக்காமல், கூப்பிடும்போது வருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். கட்டிலில் உட்காராதீர்கள், அங்கே சாப்பிடாதீர்கள். கட்டில் கம்பியைத் தொட்ட கையோடு போனையும் முகத்தையும் தொடாதீர்கள். நெபுலைசர் வைக்கும் நேரத்தில் அறைக்கு வெளியே நில்லுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரே துணை, முறை வைத்து ஆள் மாற வேண்டாம். ஆள் மாற மாற ஆபத்தில் இருப்பவர்கள் எண்ணிக்கைதான் கூடும். நிபா என்று உறுதியானால் துணைக்கு இருக்கவே விட மாட்டார்கள். அப்போது மல்லுக்கட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு, குறிப்பாகத் துப்புரவுப் பணியாளர்களுக்கும் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயிற்சியும் கவச உடையும் டாக்டருக்கும் நர்ஸுக்கும் கொடுத்துவிட்டு உங்களை மறந்துவிடும் இடங்கள் உண்டு. கேட்டு வாங்குங்கள். கையுறை, கவுன், கண்ணாடி, என்95 நான்கும் உங்களுக்கும் வேண்டும். போடும்போது வரும் தப்பைவிடக் கழற்றும்போது வரும் தப்புதான் அதிகம். முதலில் கையுறை, கவுன். கை சுத்தம் செய்த பிறகு கண்ணாடி. அறைக்கு வெளியே வந்து கடைசியாக மாஸ்க். மறுபடி கை கழுவுதல். நோய் இன்னதென்று தெரியாத நேரத்தில்தான் தொற்றுகிறது, அதனால் காய்ச்சலும் இருமலும் உள்ள எந்த நோயாளியையும் மாஸ்கும் கையுறையும் இல்லாமல் தொடக் கூடாது.

படி 7: இறப்புக்குப் பிறகு

எழுதக் கை வராத பகுதி, ஆனால் எழுதாமல் விட முடியாது. நோயாளி இறந்த பிறகும் அவர் உடம்பின் எச்சில், சளி, சிறுநீரில் வைரஸ் இருக்கும். 2010இல் ஃபரித்பூரில் இறந்தவரின் உடலைத் தொட்டு இறுதிக் காரியம் செய்தவர்களுக்கு நோய் தொற்றியது பதிவாகியிருக்கிறது. குளிப்பாட்டுவது, முகத்தைத் துடைப்பது, வாயில் பால் விடுவது, கன்னத்தோடு கன்னம் வைத்து அழுவது. எந்த மதமானாலும் கடைசி நேரத்தில் நாம் செய்வது முகத்தை ஒட்டித்தான்.

அதனால் உடலை மூடிய பையில்தான் தருவார்கள், பயிற்சி பெற்றவர்கள்தான் எடுத்துப் போவார்கள், எரியூட்டலோ ஆழமாகத் தோண்டிய குழியில் அடக்கமோ நடக்கும். கோழிக்கோட்டில் 2018இல் மயான ஊழியர்கள் பயந்து பின்வாங்கியபோது மாநகராட்சி சுகாதார அதிகாரி கோபகுமாரே முன்னின்று இறுதிக் காரியங்களைச் செய்தார். பெற்ற பிள்ளைகள் தூரத்தில் நிற்க, யாரோ ஒருவர் அந்தப் பொறுப்பைத் தாங்கினார். குடும்பத்தார் கொஞ்சம் தள்ளி நின்று முகத்தைப் பார்க்கலாமா, வேண்டிய பிரார்த்தனையைச் செய்யலாமா என்று அதிகாரிகளிடம் கேளுங்கள். தொடாமல் செய்யக்கூடியதைச் செய்ய வழி இருக்கும். இறந்தவர் பயன்படுத்திய பாய், தலையணையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

படி 8: பட்டியலில் உங்கள் பெயர்

நோய் உறுதியானதும் சுகாதாரத் துறை நோயாளி போன இடங்களைத் தேதி, நேரத்தோடு 'ரூட் மேப்' ஆக வெளியிடும். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களை அழைக்கச் சொல்லும். 2018இல் சுமார் 2,600 பேரை இப்படித் தேடிக் கண்காணித்தார்கள். பட்டியலில் பெயர் வந்துவிட்டாலே நோய் வந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பேருந்தில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்தவரையும் சளியைத் துடைத்தவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டார்கள். அதிக ஆபத்துள்ளவர்கள் 21 நாள் தனி அறையில் இருக்க வேண்டும்.

பயந்து மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபம் வரவில்லை, நாம் நடந்துகொள்வதைப் பார்த்துத்தான் மறைக்கிறார்கள். 2018இல் பேராம்பிரா ஆஸ்பத்திரி நர்ஸுகளைப் பேருந்திலும் ஆட்டோவிலும் ஏற்ற மறுத்தார்கள். நோயில்லாத, நோயாளியைப் பார்த்துக்கொண்ட பெண்கள். படி 2ஐ இன்னொரு முறை படியுங்கள். அறிகுறி இல்லாதவர் பக்கத்தில் உட்காருவதால் நிபா வராது.

தனிமையில் இருப்பவர் காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்து எழுதி வைக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் தானாகக் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல், பட்டியலை வைத்திருக்கும் ஊழியருக்குப் போன் செய்ய வேண்டும். தொண்டை, ரத்தம், சிறுநீர் மாதிரிகளை எடுத்துப் பி.சி.ஆர். சோதனை செய்வார்கள். அறிகுறி தொடங்குவதற்கு முன் எடுத்த சோதனையில் இல்லை என்று வந்தாலும் 21 நாளை முடித்தே ஆக வேண்டும். இதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசி இன்னும் இல்லை, சோதனை நிலையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் கஷாயத்தையும் ஹோமியோபதி உருண்டையையும் நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

படி 9: குணமான பிறகும், கடைசி நோயாளிக்குப் பிறகும்

பிழைத்தவர்களில் சிலருக்கு மறதி, சோர்வு, குணமாற்றம் நீண்ட நாள் இருக்கும். அரிதாக, மாதங்கள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பி வந்ததும் உண்டு. கேரளத்தில் குணமான ஒருவரின் விந்துவில் வைரஸின் மரபணு எச்சம் கண்டறியப்பட்டது. அதனால் கணவன் மனைவி எவ்வளவு நாள் தள்ளி இருக்க வேண்டும், ஆணுறை எவ்வளவு நாள் தேவை என்று கூச்சப்படாமல் மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்து வீடு திரும்பியவரோடு சேர்ந்து சாப்பிடலாம், பேசலாம், பிள்ளைகள் மடியில் ஏறலாம்.

பரவல் முடிந்தது என்று சொல்ல 42 நாட்கள் காத்திருப்பார்கள், 21இன் இரண்டு மடங்கு. இடையில் புதிய நோயாளி வந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த 42 நாளும் ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போவதைத் தள்ளிப்போடுங்கள். போகத்தான் வேண்டும் என்றால் பையில் மாஸ்க், சிறிய சோப்பு, தனித் துண்டு, தனித் தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். உங்கள் தெருவில் யாராவது 21 நாள் கதவை மூடிக்கொண்டு இருந்தால், சாப்பாட்டை வாசல்படியில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று, அவர் எடுத்துக்கொள்ளும் வரை இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.